கருவளையத்துக்கு நான் பூசியவையும் அவை செய்தவையும்

கருவளையத்துக்கு எந்தக் கிரீம் நல்லது என்று யாராவது கேட்டால், உங்கள் கருவளையம் என்ன நிறம் என்றுதான் முதலில் கேட்பேன். பழுப்பா, நீலமா, இல்லை வெறும் நிழலா? இதற்கு விடை தெரியாமல் எதை வாங்கினாலும் குருட்டாம்போக்கில் வாங்குவதுதான். சில ஆண்டுகளாகக் கண்ணுக்குக் கீழே பலவற்றை விடாமல் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். எது என்ன செய்தது என்பதை எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு சோதனை. பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கீழிமைத் தோலை விரலால் மெல்லக் கன்னத்துப் பக்கம் இழுத்துப் பாருங்கள். பழுப்பு நிறம் தோலோடு சேர்ந்து நகர்ந்து அப்படியே தெரிந்தால் அது மெலனின், அதாவது தோலுக்கு நிறம் தரும் நிறமி. தோல் விரிய விரிய நீலமோ ஊதாவோ இன்னும் எடுப்பாகத் தெரிந்தால், நீங்கள் பார்ப்பது அடியில் ஓடும் ரத்த நாளங்களை. இமைத்தோல் சுமார் அரை மில்லிமீட்டர் கனம்தான், உடம்பிலேயே மிக மெல்லியது. அடியில் இருப்பதை அது மறைப்பதில்லை. இனி முகத்தை அண்ணாந்து, வெளிச்சம் நேராக விழும்படி பாருங்கள். கருமை காணாமல் போனால் அது பள்ளத்தின் நிழல். பலருக்கு இவை கலந்தே இருக்கும். எனக்குக் கண்ணின் உள்மூலையிலிருந்து கன்னத்துக்கு இறங்கும் பள்ளம் பரம்பரையாக வந்தது. அதன்மேல் பழுப்பு நிறமியும் படிந்திருந்தது.

காஃபின் சீரம்: காலையில் பூசினால் வீக்கம் சற்று வடியும், நீலச்சாயல் சில மணி நேரம் குறையும். காஃபின் ரத்த நாளங்களைச் சுருக்குவதால் வரும் பலன் இது. மாலைக்குள் பழையபடி ஆகிவிடும். குளிர்ந்த ஈரத்துணி ஒற்றினாலும் ஏறக்குறைய இதே பலன் கிடைக்கிறது. பழுப்பு நிறமியை இவை இரண்டும் தொடவே இல்லை. சீரம் முடிந்தபின் நான் மறுபடி வாங்கவில்லை.

நியாசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வகை): நிறமிக்கு எனக்குப் பிடித்தது இதுதான். மெலனின் மேல்தோல் செல்களுக்குப் போய்ச் சேர்வதைக் குறைக்கிறது, எரிச்சலும் தரவில்லை. ஆனால் பொறுமை வேண்டும். மேல்தோல் புதுப்பித்துக்கொள்ளவே ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது என்பதால், 2 அல்லது 3 மாதங்கள் போகாமல் எந்த நிறமிப் பூச்சையும் எடைபோட முடியாது. வைட்டமின் சி சீரமும் பயன்படுத்தினேன். கன்னத்தில் நன்றாக இருந்தது, கண்ணருகே எரிந்தது. அங்கு நிறுத்திவிட்டேன்.

ரெட்டினால் (வைட்டமின் ஏ-இன் ஒரு வகை): தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனைத் தூண்டித் தோலைச் சற்றுக் கனமாக்குவதால் நீலமும் நுண்ணிய சுருக்கங்களும் மெல்ல மங்கும். தொடக்கத்தில் தோல் வறண்டு, பொடிப் பொடியாக உரிந்து, கருமை முன்னைவிடக் கூடினாற்போலத் தெரியும். கடுகளவு எடுத்து, இமை ஓரத்தை விட்டு, கண்குழியின் விளிம்பு எலும்பின் மேல் மட்டும், அடியில் மாய்ஸ்சரைசர் தடவியபின் பூசினால் தாங்கும். கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும்.

சன்ஸ்கிரீன் இல்லாவிட்டால் மேலே சொன்ன எதற்கும் பொருளில்லை. வழக்கமான வகை வியர்வையோடு கண்ணுக்குள் இறங்கி எரிந்ததால், துத்தநாக ஆக்சைடு உள்ளதற்கு மாறினேன். இப்போது பயன்படுத்துவது இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமேற்றிய வகை. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நம்மைப் போன்ற மாநிறத் தோலில் நிறமியைத் தூண்டுகிறது. இரும்பு ஆக்சைடு அதையும் தடுக்கிறது. வெளியே போகும்போது குளிர்கண்ணாடியும் உண்டு.

ஆனாலும் பெரிய மாற்றம் எந்தக் குப்பியிலிருந்தும் வரவில்லை. தோல் மருத்துவர் என் கீழிமையை உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு, இமைக்கு இணையாக ஓடும் இரட்டை மடிப்புக் கோட்டைக் கண்ணாடியில் காட்டினார். டென்னி மார்கன் மடிப்பு என்று அதற்குப் பெயர். ஒவ்வாமை உடம்பு உள்ளவர்களிடம் அடிக்கடி காணப்படுவது. அடுத்து அவர் கேட்டது தூக்கத்தைப் பற்றி அல்ல, தும்மலைப் பற்றி. காலையில் அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு எல்லாம் எனக்கு உண்டு. மூக்கடைப்பு நீடித்தால் கண்ணுக்குக் கீழுள்ள சிரைகளில் ரத்தம் தேங்கி, அந்த இடம் கறுத்துத் தெரியும். அரிக்கிறதென்று விரல் முட்டியால் கசக்கக் கசக்க, தோல் அழன்று அங்கே மெலனினைக் கூட்டிக்கொள்ளும். ஒவ்வாமைக்கு மருத்துவர் தந்த மூக்கு ஸ்பிரேயும் கண் சொட்டு மருந்தும் அரிப்பை அடக்கின, கை கண்ணுக்குப் போவது நின்றது. பழுப்பு வெளிறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கண்ணைக் கசக்கிக்கொண்டே கிரீம் மாற்றுபவர்கள் நிறையப் பேர்.

நன்றாகத் தூங்கினால் போய்விடும் என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கோபமே வரும். தூக்கம் குறைந்தால் முகம் வெளிறி நாளங்கள் கூடுதலாகத் தெரியும், வீக்கமும் வரும், அது உண்மை. ஆனால் நிறமியும் பள்ளமும் தூக்கத்தால் வந்தவை அல்ல. எட்டு மணி நேரம் தூங்கி எழுகிற ஒருவரை, இரவெல்லாம் விழித்திருந்தாயா என்று கேட்டுப் புண்படுத்த வேண்டாமே. சோர்வும் மூச்சு வாங்குவதும் சேர்ந்திருந்தால் இரும்புச்சத்துக் குறைவுக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். கண் அழுத்த நோய்க்கான லாட்டனோபிராஸ்ட், பைமட்டோபிராஸ்ட் போன்ற சொட்டு மருந்துகளும் இமையைக் கறுக்கச் செய்யும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் யாரும் முயன்று பார்க்க வேண்டாம்: மருத்துவர் எழுதித் தராத ஸ்டீராய்டு கிரீம். சில நாளில் வெளுத்ததுபோல் காட்டும். தொடர்ந்தால் அந்த மெல்லிய தோல் இன்னும் மெலிந்து நாளங்கள் வெளியே தெரியும். கண்ணின் அழுத்தம் ஏறும், கண்புரையும் வரலாம்.

இன்றைய நிலை: பழுப்பு பெருமளவு குறைந்துவிட்டது. பள்ளத்தின் நிழல் இருந்தபடியே இருக்கிறது, எந்தப் பூச்சும் அதை நிரப்பாது. ஹையலுரானிக் அமில ஃபில்லர் (தோலுக்கடியில் செலுத்தும் ஜெல்) ஊசியால் நிரப்பலாம் என்றார்கள், நான் செய்துகொள்ளவில்லை. மெல்லிய தோலுக்கடியில் அது நீலமாகத் தெரிவதுண்டு. அரிதாக ரத்த நாளத்துக்குள் போய்விட்டால் பார்வையே பறிபோகலாம். செய்துகொள்ள முடிவெடுப்பவர்கள், கண்ணைச் சுற்றிய உடற்கூறு நன்கு அறிந்த மருத்துவரிடம் மட்டும் போங்கள். ஃபில்லரைக் கரைக்கும் ஹையலுரானிடேஸ் அங்கே கைவசம் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஊசிக்குச் சம்மதியுங்கள்.