பால் கவரை யாரிடம் கொடுப்பது?

சென்னையில் ஒரு வீட்டில் சேரும் பால் கவர், பருப்பு கவர், பிஸ்கட் உறை எல்லாவற்றுக்கும் மூன்று வழி இருக்கிறது. தெருமுனைப் பழைய பேப்பர் கடை. காலையில் வரும் மாநகராட்சி பேட்டரி வண்டி. அடுக்குமாடிகளில் மாதம் ஒருமுறை நடக்கும் உலர்கழிவு சேகரிப்பு. மூன்றிலும் கொடுத்துப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: பால் கவருக்குப் பேப்பர் கடையை மிஞ்ச எதுவும் இல்லை.

எங்கள் கடைக்காரர் கவரைக் கையில் கசக்கிப் பார்ப்பார். சத்தமில்லாமல் மெத்தென்று அமுங்கினால் ஒரு மூட்டை. மொறமொறவென்றால் வேறு மூட்டை. உள்பக்கம் வெள்ளியாக மின்னினால் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்த மூன்று நொடிச் சோதனையில்தான் எல்லாம் இருக்கிறது. பால் கவர் முழுக்கப் பாலிஎத்திலீன் என்ற ஒரே வகை பிளாஸ்டிக். உருக்கிக் குருணையாக்கி மறுபடி குப்பைப் பையோ கறுப்பு ஷீட்டோ செய்யலாம். சிப்ஸ் பாக்கெட் அப்படியில்லை. வேறு வேறு பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பிரிக்க முடியாது, அதனால் விலையும் கிடையாது.

கடையின் குறை, பொறுமை வேண்டும் என்பது. அரை லிட்டர் கவர் ஒன்று சுமார் மூன்று கிராம்தான். தினம் இரண்டு பாக்கெட் வாங்கும் வீட்டில் ஒரு கிலோ சேர ஐந்தரை மாதம் ஆகும். அதுவரை நாற்றம் வராமல் இருக்க வேண்டுமானால் அன்றன்றே கழுவிக் காயவைக்க வேண்டும். வெட்டும்போது மூலையைத் துண்டாக நறுக்கி எறியாதீர்கள். ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறினால் போதும். அந்தச் சின்னத் துண்டை யாராலும் பொறுக்க முடியாது, நேரே சாக்கடைக்குப் போகும்.

பேட்டரி வண்டியின் பலம், தினமும் வாசலுக்கே வருவது. ஆனால் ஈரக் குப்பையோடு கலந்து கொடுத்தால் நல்ல கவரும் கெட்டுவிடும். கொடுங்கையூரிலும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடியிலும் உள்ள கிடங்குகளில் மலையாகக் குவிந்த குப்பையெல்லாம் அப்படிக் கலந்து போனதுதான். சாம்பாரில் ஊறிய கவரைத் தனியே உருவியெடுக்கும்படி தூய்மைப் பணியாளர் அக்காவின் கைகளை விடுவது எனக்குப் பொறுக்கவில்லை. காய்ந்ததைத் தனிப் பையில் கொடுத்தால் அவரே விற்கக்கூடியதைப் பிரித்துக்கொள்வார்.

மூன்றாவது வழியான சேகரிப்பில் வெள்ளி உறையையும் வாங்குகிறார்கள். உறையைச் சந்தைக்கு விடும் நிறுவனங்களே அதைத் திரும்பச் சேகரிக்கவும் பொறுப்பு என்ற விதிமுறைகள் 2022 பிப்ரவரியில் விரிவாக வந்தன. கொடுக்கும் முன் ஒன்று கேளுங்கள்: இது எங்கே போகிறது? சிமென்ட் ஆலை என்றால், 1,400 டிகிரிக்கு மேல் கொதிக்கும் சூளையில் நிலக்கரிக்குப் பதில் எரிகிறது. திறந்தவெளியில் எரிவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அது எரிப்புதான். மறுசுழற்சி என்று சொல்ல மாட்டேன்.

சாலை போடப் போகிறது என்றால், அது மதுரையில் பிறந்த முறை. தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கியது, 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். ஏறக்குறைய 160 டிகிரி சூட்டில் இருக்கும் ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துருவலைத் தூவினால் உருகி மேலே பூசிக்கொள்ளும்; பிறகு தார் கலப்பார்கள். தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் வரை இப்படிச் சேர்க்கலாம் என்கிறது சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலை காங்கிரஸ் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டி. பி.வி.சி. மட்டும் கூடாது, சூட்டில் நச்சு வாயு கிளம்பும். அருமையான வேலைதான். இருந்தாலும் மறுபடி கவராகவோ ஷீட்டாகவோ ஆகக்கூடிய பால் கவரை நான் சாலைக்குக் கொடுப்பதில்லை. தாரில் கலந்தது திரும்பி வராது.

எங்கள் சமையலறைக் கதவில் இப்போது இரண்டு ஆணி. ஒன்றில் மெத்தென்ற கவர்கள். ஐந்தரை மாதம் தொங்கிப் பேப்பர் கடைக்குப் போகும். இன்னொன்றில் மொறமொறப்பதும் மின்னுவதும். அவை மாதாந்திரச் சேகரிப்புக்கு. சேகரிப்பு நடக்காத மாதம் அந்தப் பையைக் காய்ந்தபடியே வண்டியில் கொடுத்துவிடுகிறேன்.