இன்சூரன்ஸ் இல்லாமல் ஹூஸ்டன் பக்கம்: சமூக சுகாதார மையத்தில் சில வருட அனுபவம்

ஹூஸ்டனைச் சுற்றி ஐ.டி. வேலையில் இல்லாத தமிழர்களும் நிறையப் பேர் இருக்கிறோம். மளிகைக் கடை, கேஸ் ஸ்டேஷன், ஓட்டல் அடுக்களை என்று மணிக்கணக்குச் சம்பளம். கம்பெனி இன்சூரன்ஸ் கிடையாது. எனக்குச் சர்க்கரை, அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும். சில வருடங்களாக நாங்கள் நம்பியிருப்பது எங்கள் பகுதியில் உள்ள ஒரு சமூக சுகாதார மையத்தைத்தான். யாராவது கேட்டால் தயங்காமல் போகச் சொல்வேன். அன்றாட வைத்தியத்துக்கு அது உண்மையிலேயே நல்ல இடம். அதற்கு மேல் ஒரு ஸ்பெஷலிஸ்ட் தேவை என்று வந்துவிட்டால் மட்டும், நீங்கள் எந்தக் கவுண்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) குடியிருக்கிறீர்கள் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

முதலில், ஏன் இன்சூரன்ஸ் இல்லை என்று கேட்பவர்களுக்கு. அமெரிக்காவிலேயே இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் விகிதம் அதிகமுள்ள மாநிலம் டெக்சாஸ். மற்ற பல மாநிலங்கள் ஏழைகளுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிக்கெய்டை விரிவாக்கியபோது இங்கே செய்யவில்லை. கர்ப்பிணி இல்லை, மாற்றுத்திறனாளி இல்லை, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லை என்றால், வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் 65 வயதுக்குள் இருப்பவருக்கு இங்கே மெடிக்கெய்ட் கிடைக்காது. அம்மா, என் தம்பி மூலமாக கிரீன் கார்டில் வந்தவர். வயது 65 தாண்டினாலும் இங்கே வேலை பார்த்திராதவர்களுக்கு ஐந்து வருடம் குடியிருந்த பிறகுதான் முதியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேர், அதுவும் மாதாமாதம் பிரீமியம் கட்டி. என் கடையில் ஷிஃப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். வருமானமும் அப்படித்தான்.

இந்த மையங்கள் மத்திய அரசின் உதவியில் நடப்பவை. பணம் இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது விதி. குடும்பத்தில் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு என்று பார்த்து ஃபீஸ் போடுவார்கள். அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் பெயரளவுக்கு ஒரு தொகை, அதற்கு மேல் கோட்டின் இரண்டு மடங்கு வரை படிப்படியான தள்ளுபடி. 2025 கணக்கில் மூன்று பேர் குடும்பத்துக்கு அந்தக் கோடு வருடத்துக்கு 26,650 டாலர். மையத்தின் நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேல் அங்கேயே வைத்தியம் பார்ப்பவர்கள் இருக்க வேண்டும் என்றும் விதி உண்டு. சாயந்திர நேர அப்பாயின்ட்மென்ட் வேண்டும் என்று நாங்கள் கேட்டது அங்கே எடுபட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த ஏற்பாட்டை 1960களில் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் ஜாக் கைகர் என்ற டாக்டர். மிசிசிப்பியில் பட்டினியோடு வந்த குடும்பங்களுக்கு மளிகைச் சாமான்களையே மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தவர். அந்த வழக்கத்தின் மிச்சமோ என்னவோ, எங்கள் மையத்திலும் பிரஷர் பார்க்கும் முன்பே, மாசக் கடைசியில் சாப்பாட்டுக்குச் சிரமம் உண்டா, வந்து போக வண்டி இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறார்கள். அம்மாவுக்கு முதலில் இது சங்கடமாக இருந்தது. இப்போது அவரே நேராகப் பதில் சொல்கிறார்.

எங்களைப் பார்ப்பது ஒரு நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது மேல்படிப்புப் படித்து நோயாளிகளைப் பார்த்து மருந்து எழுதித் தரும் நர்ஸ். வருடக்கணக்காக அதே ஆள். இதைவிடப் பெரிய வசதி எதுவும் இல்லை என்றே சொல்வேன். முன்பு உடம்பு முடியாமல் போனால் ஒரு தனியார் எமர்ஜென்சிக்கு ஓடுவோம், அங்கே ஒவ்வொரு தடவையும் புது டாக்டர், புதுசாகக் கதை சொல்ல வேண்டும், ரத்தம் எடுப்பார்கள், கடைசியில் "உங்கள் குடும்ப டாக்டரைப் பாருங்கள்" என்று எழுதித் தருவார்கள், அப்புறம் பில் வரும். இங்கே விரல் நுனியில் ஒரு குத்து, சில நிமிடத்தில் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி திரையில் வந்துவிடும். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டே, ராத்திரி ஷிஃப்டில் எப்போது சாப்பிடுகிறேன், எத்தனை மணிக்குத் தூங்குகிறேன் என்று விசாரித்து மாத்திரை நேரத்தை மாற்றிக் கொடுத்தார். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது அதற்குப் பிறகுதான்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆரம்பத்தில் தம்பி மகனைக் கூட அழைத்துப் போனோம். மையத்தில் சின்னப் பையனை மொழிபெயர்க்க விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், சட்டமே அப்படித்தான். போனை ஸ்பீக்கரில் போட்டு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை இணைத்தார்கள். யாழ்ப்பாணத் தமிழ், பெண் குரல். "சொல்லுங்கோ அம்மா" என்றதும், சிறுநீர் போகும்போது எரிகிறது, ராத்திரி பலமுறை எழ வேண்டியிருக்கிறது என்று அம்மா மாதக்கணக்காக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சொல்லிவிட்டார். பேரன் முன்னால் அவர் இதைச் சொல்லியிருக்கவே மாட்டார். இந்த மொழிபெயர்ப்புக்கு நாம் காசு கட்ட வேண்டியதில்லை. தமிழ் வேண்டும் என்று அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே சொல்லி வைத்தால் போதும்.

மருந்தும் மையத்தின் மருந்தகத்திலேயே மலிவாகக் கிடைக்கிறது. அதில் குறை ஒன்றும் இல்லை.

குறை காகிதத்தில் இருக்கிறது. தள்ளுபடியை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். சம்பளச் சீட்டு, வரிப் படிவம், முகவரிக்கு கரண்ட் பில், சீட்டு இல்லாத வேலை என்றால் முதலாளி கையெழுத்துப் போட்ட கடிதம். நாங்கள் முகவரி மாற்றத்தைச் சொல்லியிருந்தும் ஒரு வருடம் நோட்டீஸ் பழைய வீட்டுக்கே போய்விட்டது. தள்ளுபடி காலாவதி ஆகி, அம்மாவின் அடுத்த விசிட்டுக்கு முழு பில் வந்தது. பேசிப் பேசித்தான் அதைக் குறைத்தார்கள். என்னால் பேச முடிந்தது. இங்கிலீஷ் தெரியாதவர்கள், லீவு கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்படுபவர்கள் அந்த பில்லைப் பார்த்ததும் வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரையையும் நிறுத்துகிறார்கள். அவர்கள் திரும்ப வருவது ஆம்புலன்ஸில்தான். ஏற்கெனவே பதிவாகி இருக்கும் குடும்பத்துக்குப் போனிலேயே புதுப்பித்துத் தருவதில் என்ன கஷ்டம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இனி கவுண்டி விஷயம். ஹூஸ்டனின் பெரும்பகுதி இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் சொத்து வரியில் நடக்கும் பொது மருத்துவ அமைப்பு இருக்கிறது, பென் டாப் மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரியோடு. வறுமைக்கோட்டின் ஒன்றரை மடங்கு வரை வருமானம் உள்ள கவுண்டிவாசிகளுக்கு அங்கே உதவித் திட்டம் உண்டு, பழைய ஆட்கள் கோல்டு கார்டு என்பார்கள். நாங்கள் குடியிருப்பது ஹாரிஸ் எல்லைக்கு அந்தப் பக்கம், பக்கத்துக் கவுண்டியில். பொது ஆஸ்பத்திரியோ, வரி வாங்கி வைத்தியம் தரும் ஆஸ்பத்திரி மாவட்டம் என்ற அமைப்போ இல்லாத கவுண்டி ஏழைகளுக்குச் செய்தே ஆக வேண்டிய உதவிக்கு, மாநிலச் சட்டம் வைத்திருக்கும் குறைந்தபட்ச எல்லை வறுமைக்கோட்டில் 21 சதவீதம். 2025 கணக்கில் தனி ஆளுக்கு மாதம் சுமார் 274 டாலர். அதற்கு மேல் சம்பாதித்தால் தகுதி இல்லை என்று கவுண்டி சொல்லலாம். 274 டாலரில் இந்த ஊரில் ஒரு அறைக்கு வாடகை கூடக் கட்ட முடியாது.

அம்மாவின் விழித்திரையைப் படம் எடுத்துப் பார்த்ததில் ரத்தக் கசிவு தெரிந்தது. மையம் உடனே ரெஃபரல் எழுதியது. ஆனால் அதை எடுத்துக்கொள்ள ஆள் இல்லை, மாதங்கள் ஓடின. கடைசியில் வழி காட்டியது மையத்தின் சமூக சுகாதாரப் பணியாளர்தான். லாப நோக்கற்ற ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் எழுத்துப்பூர்வமான கட்டண உதவித் திட்டம் இருந்தாக வேண்டும் என்று மத்திய சட்டம் இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தைக் கேட்டு வாங்கி, எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தார். அம்மாவுக்கு லேசர் சிகிச்சை நடந்தது. இந்தப் பணியாளர்கள் இல்லாத மையம் பாதி மையம்.

போக நினைப்பவர்கள் இணையத்தில் ஜிப் கோடு (இங்குள்ள பின் கோடு) போட்டுத் தேடினால் அருகில் உள்ள மையம் தெரியும், எந்தக் கவுண்டி என்று அங்கே பார்க்க மாட்டார்கள். காகிதங்களைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், புதுப்பிக்கும் தேதியை முதல் நாளே கேட்டுக் குறித்துவிடுங்கள். ஸ்பெஷலிஸ்டுக்கு அனுப்புகிறார்கள் என்றால், ஆஸ்பத்திரியில் ஒரு டாலர் கட்டும் முன்பே கட்டண உதவிப் படிவத்தைக் கேளுங்கள். ஹாரிஸ் எல்லைக்கு அருகில் வீடு தேடுபவர்கள் வாடகையோடு கவுண்டி எது என்றும் விசாரித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.