தலைவலி நின்றதைக் காட்டிப் பணம் பறிக்கிறார்கள்: நுரையீரல் புற்று மூளைக்குப் பரவியவர் வீட்டார் கவனத்துக்கு

மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கம் ஒரு லேகியக்காரர் சுற்றுகிறார். மதுரையில் ஸ்கேன் எடுத்து, நுரையீரல் புற்று மூளைக்கு ஏறிவிட்டது என்று கேட்டு ஊர் திரும்பும் வீடுகள்தான் அவர் குறி. பாம்பனில் ஒரு மீனவர் வீட்டில் நாற்பதாயிரம் வாங்கிக்கொண்டு ஒரு டப்பா கொடுத்திருக்கிறார். மூன்றாம் நாள் தலைவலியும் வாந்தியும் நின்றன. வீட்டார் கும்பிடாத குறை.

நிறுத்தியது லேகியம் இல்லை, ஆஸ்பத்திரியில் எழுதிய டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. கட்டியைச் சுற்றிய நீர்வீக்கத்தை அது ஓரிரு நாளில் வற்ற வைக்கும். கட்டி அப்படியே இருக்கும். லேகியக்காரருக்கு இது தெரியும், அதனால்தான் மாத்திரை தொடங்கிய வாரத்திலேயே வாசலில் நிற்கிறார். "இனி இங்கிலீஷ் மருந்து வேண்டாம்" என்பார் அடுத்து. வாரக்கணக்கில் டெக்ஸா எடுத்தவர் சட்டென்று நிறுத்தினால் வீக்கம் திரும்பும், வலிப்பு வரலாம். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டும் அதற்குள் அடங்கிப்போயிருக்கும் என்பதால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே சாயலாம். பாம்பன்காரரை வலிப்போடுதான் ராமநாதபுரத்துக்குத் தூக்கி ஓடினார்கள்.

டெக்ஸா பெரும்பாலும் நாளுக்கு 4 முதல் 16 மி.கி. வரை தரப்படும். சாப்பிட்ட பிறகு போடணும். வயிற்றுக்கான மாத்திரை கூடவே கேளுங்கள், சர்க்கரை பாருங்கள், தூக்கம் கெட்டால் கடைசி வேளையை மதியத்துக்கு மாற்றலாமா என்று விசாரியுங்கள். குறைப்பது டாக்டர் சொல்லும் படிப்படியில் மட்டும்.

வீக்கம் அடங்கிய அந்த நாட்கள்தான் உண்மையான வைத்தியத்துக்குக் கிடைத்த அவகாசம். புற்றிலிருந்து எடுத்த சதையில் இ.ஜி.எஃப்.ஆர், ஏ.எல்.கே என்ற மரபணுக்களில் மாற்றம் உண்டா என்று பார்க்கும் பரிசோதனை போயிருக்கிறதா என்று கேளுங்கள். முதலாவதில் மாற்றம் இருந்தால் பெரும்பாலும் ஓசிமெர்டினிப் 80 மி.கி. தினம் ஒன்று, இரண்டாவதில் என்றால் அலெக்டினிப் 600 மி.கி. இருவேளை, உணவோடு. இரண்டும் மூளைக்குள் போய் வேலை செய்யும். மாற்றம் இல்லாதவருக்கு இவை வீண்செலவு. பில் இல்லாமல், பரிசோதனையே கேட்காமல் "அதே மாத்திரை, பாதி விலை" என்று நீட்டுபவரிடம் வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று எவருக்கும் தெரியாது.

கரண்ட் வைப்பதிலும், அதாவது கதிர்வீச்சு வைத்தியத்திலும், ஒரு கேள்வி உண்டு. கட்டிகள் சில மட்டும் என்றால் அவற்றை மட்டும் குறிவைக்கும் முறை ஒன்று முதல் ஐந்து நாளில் முடியும். முழு மூளைக்கும் என்றால் வழக்கமாக 10 நாள், மொத்தம் 30 கிரே (கதிர்வீச்சின் அளவு). பிறகு ஞாபகமறதி வரலாம். எதை, ஏன் என்று எழுதி வாங்குங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் இடைத்தரகரிடம் முன்பணம் தராமல் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையிலேயே கேளுங்கள். வலிப்பு, திடீர் மயக்கம், ஒரு பக்கம் கை கால் விழுதல் என்றால் உடனே 108, டெக்ஸா சீட்டும் கையோடு.