சிங்கப்பூர் ஆறா, புலாவ் உபினா?

ஊரிலிருந்து வரும் உறவினர்கள் படகில் போகலாமா என்று கேட்டால், பலரும் முதலில் கைகாட்டுவது சிங்கப்பூர் ஆற்றங்கரையிலுள்ள கிளார்க் கீயைத்தான். வசதிக்குக் குறைவில்லை. படகுகள் மின்சாரத்தில் ஓடுவதால் சத்தமும் புகையும் இல்லை. கரையோரக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

ஆனால் அங்கே படகு இருக்கிறது, படகுக்காரர்களின் வாழ்க்கை இல்லை. 1977இல் தொடங்கிய ஆற்றுத் தூய்மைப் பணியின்போது, 1983இல் சரக்குப் படகுகளை பாசிர் பாஞ்சாங்கிற்கு மாற்றிவிட்டார்கள். அதற்கும் வெகுகாலத்துக்கு முன்பு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்த ஆற்றில் சரக்குப் படகு ஓட்டியவர்களில் தமிழகக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் எனப்படும் தமிழ் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். இதை நம் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். படகு ஏறும் முன் சூலியா ஸ்திரீட்டில் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

புலாவ் உபின் தீவுக்குப் படகு ஏறும் சாங்கி பாயிண்ட் வேறு மாதிரி. அங்கே நேர அட்டவணை கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். அவசரமென்றால், காலி இருக்கைகளுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டுப் போகலாம். மரப்படகு, பக்கவாட்டில் தொங்கும் பழைய டயர்கள், டீசல் வாடை, சைக்கிளோடு ஏறும் பயணிகள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் உபின். தீவில் இன்றும் கம்பத்து (கிராமத்து) வீடுகள் உண்டு, ஆட்களும் வசிக்கிறார்கள்.

முதியவர்களுக்கு இந்த மரப்படகில் ஏறி இறங்குவது சிரமம். அவர்களோடு போனால் ஆறுதான் சரி. மற்றபடி என் ஓட்டு உபினுக்கே.