பின் சக்கர டிஸ்க் பிரேக்: வீட்டிலா, ஷெட்டிலா, கம்பெனி சர்வீஸிலா?

ஸ்விஃப்ட் மாதிரி பெரும்பாலான சின்ன கார்களில் பின்னால் இருப்பது டிரம் பிரேக். அதன் ஷூ, ஸ்பிரிங், வீல் சிலிண்டர் எல்லாம் வேறு கதை, இங்கே அதைத் தொடவில்லை. ஆக்டேவியா, ஜெட்டா, எஸ்-கிராஸ், எக்ஸ்யூவி 500 போல நான்கு சக்கரத்திலும் டிஸ்க் உள்ள வண்டிகளில் பின் டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு) பேடும் (அதை இருபுறமும் கவ்வும் உராய்வுக் கட்டை) தேய்ந்துவிட்டால் யாரிடம் கொடுப்பது, எதை மாற்றுவது என்பதுதான் பேச்சு. உதாரணத்துக்கு லிவர் ஹேண்ட்பிரேக் (கையால் இழுக்கும் நெம்புகோல்) உள்ள மூன்றாம் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியாவை எடுத்துக்கொள்கிறேன். 2013 இல் இந்தியாவுக்கு வந்த வண்டி. ஆரம்பத்தில் வாங்கியவர்களுக்கு வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது, செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களும் நிறைய. இந்தக் கேள்வி அதிகம் வருவதும் அவர்களிடமிருந்துதான்.

என் கட்சியை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். லிவர் ஹேண்ட்பிரேக் என்றால் வீட்டிலேயே செய்யலாம். பட்டனை அழுத்தினால் மோட்டாரே பிடிக்கும் ஹேண்ட்பிரேக் என்றால், ஸ்கேனரோ (வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் கருவி) வேறு வழியோ கையில் இருந்தால் மட்டும் கை வைக்கலாம். பின் டிஸ்க்கைக் கடைந்து சமப்படுத்த லேத்துக்கு அனுப்புவது இரண்டிலுமே எனக்குச் சரியாகப் படவில்லை.

முடிவை மாற்றுவது ஹேண்ட்பிரேக்

முன் பேடு மாற்றிப் பழகியவர்கள் பின் பேடும் அதே வேலைதான் என்று நினைக்கிறார்கள். சக்கரத்தைக் கழற்றும்வரை அது உண்மை. பேடுகளைத் தாங்கியிருக்கும் கேலிப்பரைக் கழற்றி, அதற்குள்ளிருந்து பேடைத் தள்ளும் பிஸ்டனைப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் படும். முன்னால் இருக்கும் பிஸ்டன் வழவழப்பான கிண்ணம், சி-கிளாம்ப் போட்டு அழுத்தினால் உள்ளே போய்விடும். பின் பிஸ்டனின் முகத்தில் எதிரெதிராகக் குழிகள் வெட்டியிருக்கும். காரணம், ஹேண்ட்பிரேக் கேபிள் இழுக்கிற திருகு அதற்குள்ளேதான் இருக்கிறது. பேடு தேயத் தேய பிஸ்டன் அந்தத் திருகின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே ஏறி வந்திருக்கும். தடிமனான புதுப் பேடுக்கு இடம் விட அதைத் திரும்ப உள்ளே அனுப்ப வேண்டுமென்றால், அழுத்திக்கொண்டே சுற்றவும் வேண்டும்.

இதற்கென்றே கேலிப்பர் விண்ட்-பேக் டூல் என்று ஒரு செட் விற்கிறது. குழிகளில் பொருந்துகிற தகடு ஒன்று, தள்ளுவதற்குத் திருகு ஒன்று. தகட்டைப் பொருத்தி வலப்பக்கமாகச் சுற்றினால் பிஸ்டன் மெதுவாக இறங்கும் (சில வண்டிகளில் ஒரு பக்கம் மட்டும் எதிர்த்திசை). சுற்றும்போது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறையைக் கவனிக்க வேண்டும். அது பிஸ்டனோடு ஒட்டிக்கொண்டு முறுக்க ஆரம்பித்தால் நிறுத்தி, விரலால் விடுவித்து, அப்புறம் தொடரலாம். உறை கிழிந்தால் மழைத் தண்ணீரும் மண்ணும் உள்ளே போய்ப் பிஸ்டன் துருப்பிடித்து இறுகிவிடும். பேடு மாற்ற ஆரம்பித்த வேலை கேலிப்பர் மாற்றுவதில் போய் நிற்கும்.

தெருமுனை ஷெட்டில் எனக்குத் தயக்கம் வருவது இந்த இடத்தில்தான். அங்கே இருப்பவர்கள் திறமைசாலிகள், அதில் சந்தேகமில்லை. ஆனால் நாள் முழுக்க வருவது முன் டிஸ்க்கும் பின் டிரம்மும் உள்ள வண்டிகள். கை பழக்கத்தில் பெரிய ஸ்க்ரூடிரைவரையோ சி-கிளாம்பையோ வைத்து பின் பிஸ்டனையும் நெம்பிவிடுவார்கள். உள்ளே இருக்கும் திருகு அப்போதே சத்தம் போட்டு உடையாது. ஹேண்ட்பிரேக் பிடிமானம் போவது பிறகுதான் தெரியவரும், பழி கேபிள் மேல் விழும். ஷெட்டில் கொடுப்பதென்றால் ஒரே ஒரு கேள்வி போதும்: "அண்ணே, பின் பிஸ்டன் சுத்துற டூல் இருக்கா?" இருக்கு என்று எடுத்துக் காட்டினால் தைரியமாகக் கொடுக்கலாம். கூலியும் கம்பெனி சர்வீஸை விடக் குறைவுதான்.

பட்டன் ஹேண்ட்பிரேக் கதை வேறு. ஆக்டேவியாவின் அண்ணன் சூப்பர்ப், 2016 இல் வந்த தலைமுறையில், இந்த வகை. கேலிப்பரின் முதுகில் ஒரு மோட்டார் உட்கார்ந்திருக்கும். இங்கே பிஸ்டனைச் சுற்ற வேண்டியதில்லை, நேராகத் தள்ளினால் போதும். ஆனால் அதற்கு முன் மோட்டார் தன் திருகைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு வண்டியை சர்வீஸ் மோடில், அதாவது பிரேக் வேலைக்கென்று உள்ள நிலையில், போடணும். ஃபோக்ஸ்வாகன் குடும்ப வண்டிகளுக்கு விசிடிஎஸ், ஓபிடிலெவன் போன்ற ஸ்கேனர்கள் இதைச் செய்யும். சில வேறு கம்பெனி வண்டிகளில் பெடலையும் ஸ்விட்சையும் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினாலே சர்வீஸ் மோடு வந்துவிடும், ஓனர்ஸ் மேனுவலை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஸ்கேனரும் இல்லை, வழியும் தெரியவில்லை என்றால் கம்பெனி சர்வீஸுக்கே போய்விடுவது நல்லது. கேலிப்பர் வெளியே தொங்கும்போது வீட்டில் யாராவது பட்டனைத் தட்டிவிட்டால் பிஸ்டன் வெளியே வந்து விழுந்துவிடும், அப்புறம் ஆயில் ஒழுகி, ஏர் புகுந்து, பெரிய ரோதனை.

டிஸ்க்: கடைவதா, புதிதா?

டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். சூடு ஆறிய பிறகு, விரல் நகத்தை டிஸ்க்கின் நடுவிலிருந்து வெளி ஓரத்துக்கு இழுங்கள். பேடு உரசாத கடைசி ஓரத்தில் ஒரு படி தட்டுப்படும். அந்தப் படியின் உயரம்தான் அந்தப் பக்கம் தேய்ந்த அளவு. மறுபக்கமும் அதேபோலத் தேய்ந்திருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக்டேவியாவில் பரவலாக இருக்கும் 272 மி.மீ. பின் டிஸ்க் காற்றோட்ட இடைவெளி இல்லாத ஒற்றைத் தட்டு. புதிதில் 10 மி.மீ. தடிமன், 8 மி.மீ. ஆனால் கழித்துவிட வேண்டும். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் தெரியும். ஆக மொத்தம் கையில் இருக்கும் சரக்கு 2 மி.மீ. ஒரு செட் பேடு ஓடி முடியும்போது அதில் நல்ல பங்கு தேய்ந்திருக்கும். மீதியை லேத்தில் கொடுத்துப் பக்கத்துக்குக் கால் மி.மீ. எடுத்தாலே இன்னும் அரை மி.மீ. போய்விடும். புதுப் பேடு பாதி தேய்வதற்குள் டிஸ்க் எல்லையைத் தாண்டிவிடும், திரும்ப எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். கனமான, காற்றோட்ட இடைவெளி உள்ள முன் டிஸ்க்கைக் கடைவதில் நியாயம் இருக்கிறது. பின் டிஸ்க்கில் கடைசல் கூலியே வீண் செலவு.

மிச்சம் தடிமன் நன்றாக இருந்து, படி தட்டுப்படாமல், மேற்பரப்பு சீராக இருந்தால் டிஸ்க்கை மாற்றவும் வேண்டாம், கடையவும் வேண்டாம். பேடு மட்டும் போதும். சர்வீஸ் சென்டரில் "டிஸ்க்கும் சேர்த்து மாத்திடலாம் சார்" என்று சொன்னால், வெர்னியர் வைத்து அளந்த எண்ணைக் கேளுங்கள். அளக்காமல் சொன்னதா, அளந்து சொன்னதா என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

பிரேக் பிடித்தால் பெடல் அதிர்கிறது, "டிஸ்க் பெண்ட் ஆயிடுச்சு" என்பார்கள். பெரும்பாலும் டிஸ்க் வளைவதில்லை. ஹப்பில் (டிஸ்க்கும் சக்கரமும் பூட்டப்படும் நடுப்பாகம்) படிந்த துருவின் மேல் டிஸ்க்கை வைத்து முடுக்கினால் அது மயிரிழை அளவு சாய்ந்து சுற்றும், ஓட ஓட ஓரிடத்தில் தடிமனாகவும் ஓரிடத்தில் மெலிதாகவும் தேயும். அதுதான் அந்த அதிர்வு. கடற்கரை ஊர்களில் இந்தத் துரு இன்னும் கூடுதல். வீட்டில் செய்வதன் உண்மையான லாபம் எனக்கு இதில்தான் தெரிகிறது: கம்பி பிரஷ்ஷோடு ஹப்பைப் பளபளவென்று ஆக்கப் பத்து நிமிடம் செலவிட உங்களுக்குப் பொறுமை இருக்கும். அடுத்த வண்டி வரிசையில் நிற்கும் பட்டறையில் அது நடக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

பேடு

பேடில் அதிகம் குழம்ப வேண்டாம். செராமிக் சத்தமும் தூசியும் குறைவு, அலாய் வீல் கறுக்காது, விலை கூடுதல். செமி-மெட்டாலிக் சூட்டைத் தாங்கும், ஆனால் கருந்தூசி கொட்டும், டிஸ்க்கையும் வேகமாகத் தின்னும். ஆர்கானிக் மென்மையானது, அமைதியானது, சீக்கிரம் தேயும். நகரத்துக்குள் ஓடும் வண்டியின் பின் சக்கரத்துக்குச் செராமிக் தாராளம். பிரேக்கின் பெரும் பாரத்தை முன் சக்கரங்களே சுமக்கின்றன. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, 36 வளைவுகள் உள்ள ஊட்டி கல்லட்டிப் பாதையிலோ அடிக்கடி இறங்குகிறவர் கம்பெனி கொடுத்த வகையிலிருந்து விலகாமல் இருப்பது நல்லது. முன்னால் ஒரு குணம், பின்னால் ஒரு குணம் என்று கலக்கவும் வேண்டாம்.

ஒரிஜினல் பெட்டிதான் வேண்டும் என்றில்லை. பேடு செய்வதில் சென்னைக்கே பழைய பெயர் உண்டு: பாடியில் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், அம்பத்தூர் பக்கம் ரானே. பகுதி எண்ணைச் சொல்லி, பில்லோடு வாங்குங்கள். ஜி.பி. ரோட்டில் கிடைக்காதது இல்லை, ஆனால் பில் இல்லாத பேடு வேண்டவே வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி ஒரே சீராக 18 சதவீதம். அதற்கு முந்தைய கொட்டேஷன் கையில் இருந்தால் புதிதாக ஒன்று கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் செய்வதென்றால்

செலவுக் கணக்கில் வீடு ஜெயிப்பது இரண்டாவது முறையிலிருந்துதான். ஜாக்கி ஸ்டாண்டு இரண்டு, டார்க் ரெஞ்சு (போல்ட்டைக் குறிப்பிட்ட அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்), விண்ட்-பேக் டூல், டிஸ்க் ஸ்க்ரூவுக்கு நட்சத்திரத் தலை டி30 பிட், கேலிப்பர் பிராக்கெட்டுக்குப் பல் வெட்டிய ஸ்ப்ளைன் பிட், நீளமான கைப்பிடி என்று முதல் தடவை சாமான் வாங்கவே கூலி மிச்சம் கரைந்துவிடும். நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கினால் கட்டுப்படியாகும்.

பின் சக்கர வேலையில் ஒரு ஆபத்து முன் சக்கரத்தில் இல்லாதது: ஹேண்ட்பிரேக்கை விடுவித்துவிட்டுத்தான் கேலிப்பரைக் கழற்ற முடியும். ஆக, வண்டியைப் பிடித்து நிறுத்த முன் சக்கரத்துக்குக் கொடுக்கும் கட்டைகளும் கியரும் மட்டும்தான். சமதளம் இல்லாத வாசலில், அப்பார்ட்மெண்ட் சரிவில் இதை ஆரம்பிக்கவே கூடாது. வண்டியோடு வந்த ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டவும் கூடாது.

பிஸ்டனைச் சுற்றுவதற்கு முன் பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். நடுவில் யாராவது டாப்-அப் செய்திருந்தால் பிஸ்டன் உள்ளே போகப் போக ஆயில் பொங்கி வழியும். பெயிண்டில் பட்டால் உரித்துவிடும், சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். கழற்றிய கேலிப்பரை பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். பழைய பேடுகளில் உள்பக்கத்தது மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் கேலிப்பர் வழுக்கி நகர உதவும் கைடு பின் இறுகியிருக்கிறது என்று அர்த்தம், அதைத் துடைத்து சிலிகான் கிரீஸ் போடாமல் புதுப் பேடு மாட்டுவதில் பயனில்லை. சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும். பிரேக் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். புது டிஸ்க்கின் துருத்தடுப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் கழுவுங்கள். ஆக்டேவியாவின் வீல் போல்ட்டை டார்க் ரெஞ்சால் 120 நியூட்டன் மீட்டருக்கு முடுக்குங்கள்.

எல்லாம் மாட்டியதும் எஞ்சினைப் போட்டு, கியரில் தள்ளுவதற்கு முன், பெடல் கெட்டியாகும்வரை பம்ப் செய்ய வேண்டும். முதல் இரண்டு மூன்று மிதி அப்படியே தரைக்குப் போகும், பயப்பட வேண்டாம். பிறகு ஹேண்ட்பிரேக்கைப் பலமுறை இழுத்து விட்டால் கேலிப்பர் தன்னைச் சரிசெய்துகொள்ளும். விட்ட நிலையில், ஹேண்ட்பிரேக் கேபிள் இழுக்கும் கேலிப்பரின் கை அதன் தடுப்பில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று இரு பக்கமும் பாருங்கள். உட்காரவில்லை என்றால் பேடு உரசிக்கொண்டே ஓடும். புதுப் பேடு டிஸ்க்கில் படிவதற்காக, காலியான சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, முழுக்க நிற்காமல், பத்துத் தடவை இதமாக பிரேக் பிடியுங்கள். அடுத்த 200 கிலோமீட்டருக்கு மலையிறக்கம் வேண்டாம். இந்த ஓட்டம் முடிந்ததும் நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள் (டிஸ்க்கைத் தொட வேண்டாம்). பின்னால் ஒரு பக்கம் மட்டும் அனலடித்தால் அந்தக் கேலிப்பரைத்தான் மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும்.