பிரிட்ஜ் பிக்கப்புக்கும் ஒரு டோன்: நான்கு வருடம் வாசித்த பிறகு

என் ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வடிவ எலக்ட்ரிக் கிட்டாரில், ஒலியின் கூர்மையைக் குறைக்கும் டோன் குமிழ்களின் வயரிங்கை மாற்றி நான்கு வருடம் ஆகிறது. இதற்குள் முன்பக்கப் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டை எத்தனை தடவை கழற்றி மாட்டினேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. அதன் 11 திருகுகளில் மூன்றுக்கு மரத்தில் பிடிப்பே போய்விட்டது. பல்குச்சியும் மரப்பசையும் வைத்து ஒப்பேற்றியிருக்கிறேன். செய்த மாற்றங்களில் எது நின்றது, எதைத் திரும்பப் பிடுங்கிப் போட்டேன் என்று இப்போதுதான் தைரியமாகச் சொல்ல முடிகிறது.

நான் இருப்பது கோலாலம்பூர் செந்தூலில். சனி, ஞாயிறுகளில் கல்யாண விருந்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாசிக்கும் சின்னக் குழு எங்களுடையது. தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்குவது பிக்கப். என் கிட்டாரில் மூன்று: கழுத்துப் பக்கம் நெக், நடுவில் ஒன்று, தந்திகள் முடியும் பக்கம் பிரிட்ஜ். இடையிசையில் கிட்டார் தனியாக வரும் இடங்களில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு மாறுவேன். கீபோர்டு வாசிக்கும் அண்ணன் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டார்: "தம்பி, நீ அந்தக் கடைசி சுவிட்சுக்குப் போனாலே காதுல ஊசி ஏத்துற மாதிரி இருக்கு. கொஞ்சம் குறைச்சு வையேன்."

குறைக்க வழியில்லை. அதுதான் விஷயமே. ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் வந்தபோதே மூன்று பிக்கப்புக்கு ஒரு வால்யூம், இரண்டு டோன் என்றுதான் அமைத்திருந்தார்கள். ஒரு டோன் நெக் பிக்கப்புக்கு, இன்னொன்று நடுவிலிருப்பதற்கு. பிரிட்ஜுக்கு ஒன்றும் கிடையாது. அந்த அமைப்பைப் பின்பற்றிய கிட்டார்களில் ஒன்றுதான் என்னுடையதும். மிக்சரில் இருக்கும் தம்பியிடம் என் டிரெபிளை, அதாவது உச்ச ஒலிகளை, குறைக்கச் சொல்லலாம். ஆனால் நெக் பிக்கப்புக்குத் திரும்பியதும் போர்வைக்குள் வாசிப்பது போல ஆகிவிடும்.

டோன் குமிழ் எதையும் கூட்டுவதில்லை, குறைக்க மட்டுமே செய்யும். பிக்கப்பிலிருந்து வரும் சிக்னலில் உச்ச அதிர்வெண்கள் கெப்பாசிட்டர் என்ற சின்ன உதிரிப்பாகம் வழியாக எர்த்துக்கு ஓடிவிடப் பார்க்கும். அந்த ஓட்டத்தை எவ்வளவு திறந்துவிடுவது என்று தீர்மானிப்பது குமிழுக்கு அடியில் உள்ள பொட்டென்ஷியோமீட்டர். கடையில் "பொட்" என்றால் போதும். ஒற்றைச் சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப்புக்கு வழக்கமாக 250 கிலோ ஓம், இரட்டைச் சுருள் ஹம்பக்கருக்கு 500. குமிழ் 10இல் இருக்கும்போது கெப்பாசிட்டரின் அளவு ஏறக்குறைய ஒரு பொருட்டே இல்லை. கீழே இறக்க இறக்கத்தான் அதன் குணம் வெளியே வரும். இந்த ஒரு வரி அன்றைக்கே உறைத்திருந்தால் எனக்கு 45 வெள்ளி (ரிங்கிட்) மிச்சமாகியிருக்கும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

சாமான் வாங்கப் போனது ஜாலான் பசாருக்கு. செந்தூலில் எல்ஆர்டி ரயில் ஏறினால் வண்டி மாறாமல் புடுவில் இறங்கிக்கொள்ளலாம். எலக்ட்ரானிக் உதிரிப்பாகக் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. கல்லாவில் இருந்த சீனப் பெரியவர் நான் 250 என்றதுமே மலாயில் திருப்பிக் கேட்டார், ஏவா பியா என்று. எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி "பி" என்றேன். முதல் தப்பு அங்கேதான். பி என்றால் சீராக ஏறி இறங்குவது, ஏ என்றால் காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப வளைந்து ஏறுவது. பி பொட்டை டோனுக்குப் போட்டால் 10இலிருந்து 3 வரை ஏதும் நடந்ததாகவே தெரியாது, அதற்கப்புறம் திடீரென்று எல்லாம் இருண்டுவிடும். மேடையில் பாட்டுக்கு நடுவே அந்த மயிரிழை இடத்தைத் தேடிப் பிடிக்க முடியுமா? இரண்டு மாதம் கழித்து ஏ வாங்கி மாற்றினேன்.

இன்னொரு தலைவலி அளவு. என் கிட்டாரில் முதலில் இருந்தவை சின்ன மெட்ரிக் பொட்கள். புதிதாக வாங்கியவற்றின் கழுத்து அங்குல அளவு, பிக்கார்டு ஓட்டைக்குள் நுழையவில்லை. அரம் வைத்து ராவி அகலமாக்கினேன். அந்த அவசரத்தில் விழுந்த விரிசல் இன்னும் இருக்கிறது. பழைய குமிழும் புதிய தண்டில் ஏறவில்லை, பற்களின் எண்ணிக்கை வேறு. வாங்குவதற்கு முன்பு ஒன்றைக் கழற்றிக் கையோடு கொண்டுபோயிருக்க வேண்டும்.

வயரிங்கை முதலில் இப்படிச் செய்தேன்: பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை சுவிட்சில் டோன் பக்கம் காலியாகக் கிடக்கும் பிரிட்ஜ் முனைக்கு, நடு பிக்கப்பின் டோன் கம்பியை நகர்த்தினேன். பிரிட்ஜுக்கு டோன் கிடைத்தது, நடுவுக்குப் போய்விட்டது. நடுவைத் தனியாக யார் வாசிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு வருடம் போனது. பக்கத்தில் புல்லாங்குழல் வாசிக்கிற பாட்டுகளில் நடு பிக்கப்பை 5 அளவுக்கு மங்கலாக்கிப் பின்னணியில் மீட்டுவது என் பழைய வழக்கம். அது இல்லாமல் கை தடுமாறியது. சரி என்று கம்பியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய், அங்கிருந்து பிரிட்ஜ் முனைக்கு மூன்று சென்டிமீட்டர் துண்டுக் கம்பி ஒன்றைப் பாலமாக வைத்தேன். இப்போது இரண்டாவது டோன் நடுவுக்கும் பிரிட்ஜுக்கும் பொது. மூன்று வருடமாக அதைத் தொடவேயில்லை.

ஒன்றைக் கவனித்தேன். குமிழ் 10இல் இருந்தாலும் பிரிட்ஜின் அந்த ஊசிமுனை முன்பைவிடச் சற்று மழுங்கித்தான் இருக்கிறது. வால்யூம் பொட்டோடு டோன் பொட்டும் சேர்ந்து இப்போது பிக்கப்பின் மேல் சுமையாக நிற்பதே காரணம். பிரிட்ஜின் கூர்மையே உயிர் என்று வாசிப்பவர்களுக்கு இது குறையாகப் படலாம். எனக்கு லாபம். மேடையில் பெரும்பாலும் 7இல் வைக்கிறேன். கொஞ்சம் டிஸ்டார்ஷன் சேர்த்தால் 5. அண்ணன் இப்போது குறை சொல்வதில்லை. பாராட்டியதும் இல்லை என்பது வேறு விஷயம்.

இனி அந்த 45 வெள்ளி. எண்ணெயில் ஊறிய காகிதக் கெப்பாசிட்டர் ஒன்றை வரவழைத்தேன். பழைய காலத்து ஒலி, வெண்ணெய் மாதிரி என்றெல்லாம் ஆளாளுக்குச் சொல்வதை நம்பி. அதையும் ஜாலான் பசாரில் 50 சென்னுக்கு வாங்கிய அதே 0.047 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டரையும் ஒரு குட்டி சுவிட்சில் கட்டி, அண்ணனைத் திரும்பி உட்காரச் சொல்லி மாற்றி மாற்றி வாசித்தேன். பத்தாவது தடவையில், "டேய், நீ சுவிட்ச மாத்துறியா, இல்ல என்னை ஏமாத்துறியா?" என்றார். எனக்கும் வித்தியாசம் கேட்கவில்லை. வித்தியாசம் கேட்டது 0.047க்குப் பதிலாக 0.022 போட்டபோதுதான். குமிழை முழுக்க மூடினாலும் சத்தம் சேற்றில் புதையாமல் மூக்கால் பாடுவது போல ஒரு குணம் மிஞ்சியது. அதையே வைத்துக்கொண்டேன். காசுக்கு அதுவும் சில்லறைதான்.

வால்யூமைக் குறைத்தால் பளபளப்பும் சேர்ந்து போகிறதே என்று வால்யூம் பொட்டின் குறுக்கே 0.001 மைக்ரோஃபாரட் ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்தேன். பளபளப்பு நின்றது, உடம்பு போய்விட்டது. தகர டப்பா. பிறகு அதோடு 150 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பக்கவாட்டில் இணைத்ததும் சமாதானமானது.

உள்ளே செம்புத் தாளும் ஒட்டினேன். மண்டப விளக்குகளின் கிர்ர் குறைந்தது. சிங்கிள் காயிலின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் மட்டும் அப்படியே இருக்கிறது. தாள் ஒட்டி அதை நிறுத்த முடியாது.

அவமானப்பட்ட கதை ஒன்று உண்டு. மாப்பிள்ளையும் பெண்ணும் மண்டபத்துக்குள் நுழைகிற நேரம், என் ஆம்பிளிஃபையர் காண்டாமிருகம் போல உறுமியது. காரணம், பொட்டின் முதுகில் நான் வைத்த எர்த் சோல்டர். மேலே உருண்டையாக அழகாக இருந்தது, அடியில் ஒட்டவேயில்லை. பொட்டின் உலோக முதுகு சூட்டை இழுத்துக்கொள்ளும். என்னிடம் இருந்த 25 வாட் சோல்டரிங் அயர்ன் அதற்குப் போதவில்லை. அதன்பின் 60 வாட் வாங்கினேன். முதுகை லேசாகச் சுரண்டி, சோல்டர் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் தடவி, சட்டென்று வைத்துச் சட்டென்று எடுத்துவிடுகிறேன். தேய்த்துக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் தடம் வெந்துவிடும்.

நம் ஊர் ஈரக்காற்றுக்கு வருடத்துக்கு ஒருமுறையாவது பொட்கள் கரகரக்கின்றன. கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு, முப்பது தடவை திருகல், அவ்வளவுதான்.

போன தீபாவளிக்கு அண்ணன் தன் மகனுக்கு இதே வடிவில் ஒரு கிட்டார் வாங்கிக்கொடுத்தார். பையன் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்துவிட்டான். "உங்க கிட்டார்ல பண்ணது எல்லாத்தையும் பண்ணிக் குடுங்க சித்தப்பா." திறந்தேன், அந்த மூன்று சென்டிமீட்டர் பாலத்தை மட்டும் வைத்தேன், மூடினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "அவ்வளவுதானா?" என்று முகத்தைத் தொங்கப் போட்டான். பாவமாக இருந்தது. டப்பாவில் சும்மா கிடந்த எண்ணெய்க் கெப்பாசிட்டரை எடுத்துக் கொடுத்தேன். அவனே போட்டுக்கொண்டான். இப்போது வெண்ணெய் மாதிரி இருக்கிறதாம்.