உயிலா, செட்டில்மெண்டா: வீட்டை எப்படி எழுதி வைப்பது?

"காலாகாலத்துல எழுதி வெச்சிடுங்க" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். எதை எழுத வேண்டும் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. உயிலும் தான செட்டில்மெண்டும் ஒன்றுதான் என்று நினைப்பவர்களே நம் ஊரில் அதிகம். (சுயமாகச் சம்பாதித்த சொத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். பூர்வீகம் என்றால் கணக்கே வேறு.)

செட்டில்மெண்ட் பதிவானதும் சொத்து கைமாறிவிடும். வில்லங்கச் சான்று போட்டால் மகன் பெயர் வரும், பட்டாவும் மாறும், அவர் அதை அடமானமும் வைக்கலாம். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் அப்படித்தான் மகனுக்கு எழுதிக் கொடுத்தார். மறுவருஷம் சமையலறைக்கு டைல்ஸ் மாற்றலாம் என்றபோது "இருப்பா, அப்புறம் பார்க்கலாம்" என்றானாம் மகன். சண்டையெல்லாம் கிடையாது. ஆனால் அந்த 'அப்புறம்' அவரை ரொம்ப நாள் உறுத்தியது.

உயில் அப்படியல்ல. எழுதியவர் இருக்கும்வரை அது வெறும் தாள்தான், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. பதிந்தாலும் வில்லங்கத்தில் வராது. அவர் உயிரோடு இருக்கும்வரை பிள்ளைகள் நகல் வாங்கவும் முடியாது.

செலவு? தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கும் ஐம்பதாயிரத்தில் முடிந்துவிடும். இந்த மலிவுதான் பலரை அவசரப்பட வைக்கிறது.

கொடுத்ததைத் திரும்ப வாங்க வழியே இல்லையா என்றால், 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவு இருக்கிறது. கவனிக்காத பிள்ளைக்கு எழுதிய பத்திரத்தை ரத்து செய்யக் கோரி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். ஆனால் 'என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனை பத்திரத்தில் இருந்தால்தான் வழக்கு நிற்கும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025-ல் பெற்றோர் பக்கம் கொஞ்சம் தாராளமாகப் பார்த்தது. எதற்கு வம்பு? அந்த ஒரு வரியையும், ஆயுட்கால அனுபவ உரிமையையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர் "அதெல்லாம் வேண்டாம் சார்" என்றாலும் விடாதீர்கள்.

உயிலின் பலவீனம் சாட்சி. இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். பின்னால் தகராறு வந்தால் அவர்களில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். நம்மவர்களோ கூடவே வாக்கிங் போகும் எழுபது வயது நண்பரைக் கூப்பிடுவார்கள்! இளையவராக, சொத்தில் பங்கில்லாதவராகப் பாருங்கள்.

டிரஸ்ட், அதாவது சொத்தை ஒருவர் பொறுப்பில் விட்டு இன்னொருவருக்காக நிர்வகிக்கச் சொல்லும் ஏற்பாடு, பெரும்பாலான குடும்பங்களுக்குத் தேவையில்லை. தனியாகப் பணத்தைக் கையாள முடியாத பிள்ளை இருந்தால் மட்டும் அதுதான் முதல் தேர்வு. வங்கியில் நாமினி போட்டாயிற்றே என்பவர்களுக்கு: நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளத்தான், உரிமை வாரிசுகளுக்கு.

பிள்ளைகளுக்குள் இப்போதே உரசல் இருந்தால் நிபந்தனையோடு செட்டில்மெண்ட், மற்றபடி உயில் என்பதுதான் என் கட்சி. என் அப்பா உயில்தான் எழுதினார், மனத்தெளிவுக்கு டாக்டர் சான்றிதழும் இணைத்து. இதுவரை இரண்டு தடவை மாற்றிவிட்டார். யாருக்கு என்ன என்று எங்களுக்குத் தெரியாது. பீரோ சாவி அவர் இடுப்பில்தான்.